ஏழு விநாடி டிரம்ஸ்: ஆமென் பிரேக்கைக் கேட்கவும் வெட்டவும் ஒரு முழுமையான வழிகாட்டி

1969-ல் வாஷிங்டன் நகரத்தைச் சேர்ந்த தி வின்ஸ்டன்ஸ் என்ற சோல் இசைக்குழு ஒரு சிங்கிள் இசைத்தட்டு வெளியிட்டது. ஏ பக்கத்தில் 'கலர் ஹிம் ஃபாதர்'. அது பில்போர்டு பட்டியலில் 7-ம் இடம் வரை போனது, கிராமி விருதும் வாங்கியது. தட்டுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறதே, அதையும் நிரப்ப வேண்டும். பழைய தேவாலயப் பாடல் ஒன்றை எடுத்து, வார்த்தை இல்லாமல் வேகமாக வாசித்து 'ஆமென், பிரதர்' என்று பெயர் வைத்தார்கள். அதன் நடுவே மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிட, டிரம்மர் கிரிகோரி கோல்மன் மட்டும் நான்கு பார், அதாவது நான்கு தாளச் சுற்று, வாசித்தார். மொத்தம் ஏழு விநாடி. அப்புறம் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், பாட்டு முடிந்தது. அன்றைக்கு யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அந்த ஏழு விநாடி இன்றைக்கு 5,000-க்கும் மேற்பட்ட பாடல்களில் இருக்கிறது. ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இரண்டு வேகமான மின்னணு இசை வகைகளும் பெரும்பாலும் இதன் முதுகில் ஏறி வளர்ந்தவை. 'ஆமென் பிரேக்' என்ற அதன் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கேட்டதும் தெரிந்துவிடும்.

மின்னணு இசை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கும், "அப்படி என்னதான் இருக்கிறது இதில்?" என்று கேட்கிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். என்னைப் பொறுத்தவரை ஏன் என்பதற்கும் எப்படி என்பதற்கும் பதில் ஒன்றுதான். இது இயந்திரம் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் இல்லை, ஒரு மனிதன் வாசித்த வாசிப்பு. அந்தக் கை சாகாமல் வெட்டத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் பொத்தான் அழுத்துகிற வேலை.

தேவையானவை: ஒரு கணினி, ஏதாவது ஒரு இசை மென்பொருள் (ஏபிள்டன், எஃப்எல் ஸ்டுடியோ, ரீப்பர், எதுவும் சரி), ஒரு நல்ல ஹெட்போன். மடிக்கணினி ஸ்பீக்கரை நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம். கீழே வரும் பாதி விஷயம் அதில் கேட்காது.

படி 1: வெட்டாமல் கேளுங்கள்

முதலில் முழுப் பாட்டையும் கேளுங்கள். டிரம்ஸ் மட்டும் வரும் இடம் சுமார் 1 நிமிடம் 26-வது விநாடியில் தொடங்குகிறது. அதுவரை டிரம்மர் குழுவுக்குப் பின்னால் நின்று தாளம் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஊதுகுழல்கள் நின்றதும் அறையே திறந்துகொண்ட மாதிரி ஒரு காற்றோட்டம் வருகிறது பாருங்கள், அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பிரேக் என்ற சொல் குறிப்பது இதைத்தான். மற்றவர்கள் விலகி டிரம்ஸுக்கு வழிவிடும் இடம் அது.

முதல் தடவை ரைட் சிம்பலை மட்டும் கேளுங்கள். இடைவிடாமல் ஒரு தகடு சலசலத்துக்கொண்டே இருக்கும். இரண்டாம் தடவை கிக், அதாவது காலால் மிதிக்கும் பெரிய டிரம். மூன்றாம் தடவை ஸ்னேர், அதாவது குச்சியால் அடிக்கும், கூர்மையாகக் கேட்கும் டிரம். நான்காவது தடவைதான் முக்கியம்: ஸ்னேரின் பெரிய அடிகளை விட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவே குச்சி சும்மா தொட்டுவிட்டுப் போகிற சின்ன அடிகளைத் தேடுங்கள். கோஸ்ட் நோட் என்பார்கள். மிருதங்கத்தில் பெரிய சொல்லுக்கும் பெரிய சொல்லுக்கும் நடுவே விரல் நுனி உரசிப் போகுமே, அந்த மாதிரி. தனியாகக் கேட்டால் ஒன்றுமில்லை. எடுத்துவிட்டால் நடை நொண்டும்.

படி 2: வாயால் சொல்லிப் பாருங்கள்

கணினியைத் தொடுவதற்கு முன் இதை வாயில் ஏற்றிக்கொள்வது நல்லது. ஒரு பாருக்கு 4 பீட். ஒவ்வொரு பீட்டையும் நான்காகப் பிரித்தால் 16 கட்டம். கிக்குக்குத் 'தும்', பெரிய ஸ்னேருக்கு 'டக்', கோஸ்ட் நோட்டுக்குக் 'க' என்று வைத்துக்கொள்வோம். புள்ளி இருந்தால் சும்மா விடுங்கள்.

முதல் பார்:
தும் . தும் . | டக் . . க | . க தும் தும் | டக் . . க

இரண்டாம் பார்: அப்படியே அதேதான்.

மூன்றாம் பார்:
தும் . தும் . | டக் . . க | . க தும் . | . . டக் .

நான்காம் பார்:
. க தும் தும் | டக் . . க | . க தும் . | . . டக் .

இவை எல்லாவற்றுக்கும் மேலே ரைட் சிம்பல் ஒன்று விட்டு ஒரு கட்டத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். நான்காம் பாரின் 11-வது கட்டத்தில் ஒரு கிராஷ் சிம்பல் வெடிக்கும்.

மெதுவாக, தொடையில் தட்டிக்கொண்டே நாலைந்து தடவை சொல்லுங்கள். முதல் இரண்டு பாரில் 'டக்' விழ வேண்டிய இடத்தில் விழுகிறது, 5-லும் 13-லும். காது அதற்குப் பழகிவிடுகிறது. மூன்றாம் பாரில் 13-ல் எதிர்பார்த்தால் ஒன்றும் இல்லை. இரண்டு கட்டம் தள்ளி 15-ல் வந்து விழுகிறது. படியிறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்து ஏமாந்தால் வயிற்றில் ஒரு கணம் ஏதோ செய்யுமே, அதேதான். சரி, அடுத்த பாரின் முதல் கட்டத்திலாவது கிக் வந்து நம்மைத் தாங்கும் என்று பார்த்தால், அங்கேயும் ஆள் இல்லை. அந்த இடமும் காலி. அப்புறம்தான் சேர்ந்து வருகிறது, கிராஷோடு.

இரண்டு பார் நம்பிக்கை, இரண்டு பார் ஏமாற்று. ஏழு விநாடிக்குள் ஒரு சின்னக் கதை. இந்தப் பிரேக் சலிக்காததற்கு முதல் காரணம் இது. ஒரே மாதிரியான நான்கு பாராக இருந்திருந்தால் வெட்டி விளையாட இவ்வளவு சரக்கு கிடைத்திருக்காது.

படி 3: சாம்பிள் யாருடையது?

சாம்பிள் என்றால் வேறொரு பதிவிலிருந்து வெட்டி எடுத்த ஒலித்துண்டு. அது யாருடையது என்ற கேள்வியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக்கூடாது.

1986-ல் நியூயார்க்கில் 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' என்ற தொகுப்புத் தட்டு வெளிவரத் தொடங்கியது. டிஜேக்கள் தேடி அலைகிற பிரேக்குகளை ஒன்றுசேர்த்த வரிசை அது. அதன் முதல் தட்டிலேயே இந்தப் பாட்டு இருந்தது. அப்போதுதான் மலிவான சாம்ப்ளர்களும் (ஒலித்துண்டைப் பதிந்து வாசிக்கும் கருவிகள்) கைக்கு வந்தன. 1988-க்குள் ஹிப் ஹாப்பில் என்.டபிள்யூ.ஏ., மான்ட்ரானிக்ஸ் போன்றவர்கள் இதைப் பயன்படுத்திவிட்டார்கள். அங்கிருந்து லண்டனின் ரேவ் நடனக் கூடங்களுக்குப் போய் வேகமெடுத்தது. 1991-ல் லெனி டி ஐஸின் 'வீ ஆர் ஐ.ஈ.' வந்தபோது ஜங்கிள் என்று ஒன்று பிறக்கப்போகிறது என்பது தெரிந்துவிட்டது.

இத்தனைக்கும் வாசித்தவருக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. கோல்மன் 2006-ல் அட்லாண்டாவில், வீடில்லாமல், கையில் காசில்லாமல் இறந்துபோனார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கே 1996-ல்தான் விஷயம் தெரிய வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. 2015-ல் இங்கிலாந்தில் இரண்டு டிஜேக்கள் இணையத்தில் நிதி திரட்டி, 24,000 பவுண்டு அவருக்கு அனுப்பினார்கள். அவரும் 2020-ல் காலமானார்.

அதனால் உங்கள் முன் இருப்பவை மூன்று வழிகள். பழகுவதற்கு மட்டும் என்றால் பாட்டைக் காசு கொடுத்து வாங்கி அதிலிருந்து வெட்டிப் பழகுங்கள், வெளியிடாதீர்கள். வெளியிடுவதாக இருந்தால் உரிமம் கேளுங்கள். அது முடியவில்லை என்றால், இதே வாசிப்பை வேறு டிரம்மர்கள் புதிதாக வாசித்துப் பதிவு செய்து, உரிமத்தோடு விற்கும் சாம்பிள் தொகுப்புகள் கிடைக்கின்றன. அவற்றை வாங்குங்கள். "ரொம்பப் பழைய பாட்டு, கேட்பார் இல்லை" என்ற நினைப்பு தவறு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு உரிமை உண்டு. அமெரிக்காவில் 1972-க்கு முந்தைய பதிவுகளுக்கு நடுவண் சட்டத்தின் பாதுகாப்பு வெகுகாலம் இல்லாமல் இருந்தது, 2018-ல் அதையும் கொண்டுவந்துவிட்டார்கள். இணையத்தில் ஏழு விநாடி வேவ் ஃபைல் இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் அது இலவசம் ஆகிவிடாது.

படி 4: நறுக்கென்று நான்கு பார்

மென்பொருளில் ஃபைலைப் போட்டு, முதல் கிக் தொடங்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலைவடிவம் தட்டையாக ஓடி, திடீரென்று எழும்பும் விளிம்பு ஒன்று தெரியும். வெட்டு அங்கே. விளிம்புக்குப் பின்னால் வெட்டினால் கிக்கின் மூக்கு போய்விடும், ரொம்ப முன்னால் வெட்டினால் லூப் விக்கும்.

கடைசி வெட்டு, நான்காம் பார் முடிந்து ஊதுகுழல்கள் திரும்ப நுழைவதற்கு ஒரு மயிரிழை முன்னால். கிராஷ் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே வெட்ட வேண்டியிருக்கும். கவலை வேண்டாம். லூப் திரும்ப முதல் பாருக்கு வரும்போது கிராஷ் பட்டென்று அறுந்துபோகும் சத்தம் நூற்றுக்கணக்கான ஜங்கிள் ட்ராக்குகளில் இருக்கிறது. இப்போது அதுவே ஒரு அழகு.

வேகம் தெரிய ஒரு குறுக்குவழி: நான்கு பாருக்கு 16 பீட். 960-ஐ உங்கள் துண்டின் நீளத்தால் (விநாடியில்) வகுத்தால் பி.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை பீட் என்பது, வந்துவிடும். துண்டு சரியாக 7 விநாடி என்றால் 137. உங்களுக்கு 130-ஓ 145-ஓ வந்தால் வெட்டு தவறு, திரும்பிப் போய்ப் பாருங்கள். மென்பொருள் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும் எண்ணை நான் நம்புவதில்லை. மூன்றாம் பாரின் ஏமாற்றில் அதுவும் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 5: வேகமாக்குவது

ஜங்கிளின் வேகம் 160-லிருந்து 170 வரை, டிரம் அண்ட் பேஸ் 170-க்கு மேலும் போகும். 137-ஐ அங்கே கொண்டுபோக இரண்டு வழி உண்டு, இரண்டும் வேறு வேறு சத்தம்.

ஒன்று, டேப்பை வேகமாக ஓட்டுகிற மாதிரி. வேகம் கூடக்கூடச் சுருதியும் ஏறும். 137-லிருந்து 170-க்குப் போனால் கிட்டத்தட்ட 3.7 அரைச்சுரம் ஏறுகிறது. ஸ்னேர் இறுகி 'டக்' என்பது 'டிக்' பக்கம் போகும், சிம்பல் மணல் சலிப்பது மாதிரி ஆகும், கிக் தன் தொப்பையை இழக்கும். ஏபிள்டனில் இதற்கு 'ரீ-பிட்ச்' என்று பெயர். பழைய சாம்ப்ளர்களில் இதுதான் இயல்பான வழி. நாம் எல்லோரும் ஆமென் என்று மனதில் வைத்திருக்கும் சத்தம் பெரும்பாலும் இந்த ஏறிய சத்தம்தான். அசலை முதல்முறை கேட்கும்போது "என்ன இவ்வளவு கனமாக, நிதானமாக இருக்கிறது?" என்று தோன்றுவது அதனால்தான்.

இன்னொன்று டைம்ஸ்ட்ரெச். சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் மாற்றுவது. 1988-ல் வந்த அகாய் எஸ்950 போன்ற சாம்ப்ளர்கள் இதைச் செய்த விதம் முரட்டுத்தனமானது. ஒலியைக் குட்டிக் குட்டித் துண்டாக்கி, நீட்ட வேண்டும் என்றால் ஒவ்வொரு துண்டையும் திரும்பத் திரும்ப ஒட்டும். ஒவ்வொரு துண்டும் 20 மில்லிவிநாடி என்றால் விநாடிக்கு 50 தடவை ஒட்டு விழும். அந்த ஒட்டுகளுக்கே ஒரு சுருதி வந்துவிடும். தகர டப்பாவுக்குள் யாரோ பேசுகிற மாதிரி ஓர் உலோக முனகல். இயந்திரத்தின் குறைதான். ஜங்கிள் தயாரிப்பாளர்கள் அதைத் தூக்கி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

என் சிபாரிசு: அடிப்படை பீட்டுக்கு ரீ-பிட்ச். எங்காவது ஒரு இடத்தில், எட்டு பாருக்கு ஒரு முறை, ஒரே ஒரு ஸ்னேரை மூன்று நான்கு மடங்கு நீட்டி அந்த உலோக முனகலைக் கொண்டுவாருங்கள். முழு டிரம்ஸையும் நவீன டைம்ஸ்ட்ரெச்சில் போட்டு வழவழப்பாக்காதீர்கள். அடியின் முனை மழுங்கிவிடும்.

படி 6: துண்டு போடுவது

இந்தக் கட்டத்தில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் இதை முயன்றபோது எனக்கு வெட்டத் தெரியாது, பொறுமையும் இல்லை. பேட்டர்ன்தான் தெரியுமே என்று சுத்தமான கிக் ஒன்று, ஸ்னேர் ஒன்று, சிம்பல் ஒன்று எடுத்து, மேலே எழுதிய 64 கட்டத்தையும் ஒன்றுவிடாமல் நிரப்பினேன். எல்லா அடியும் சரியான இடத்தில். போட்டுக் கேட்டால் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தின் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு மாலை முழுக்க வீண்.

அப்புறம் அசலை எடுத்து மூன்றாம் பாரின் அந்தத் தள்ளிப்போன ஸ்னேரை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். அடிக்கு முன்னாலேயே அலை அமைதியாக இல்லை. நாலு கட்டம் முன்னால் விழுந்த கிக்கின் அதிர்வு, ரைட் சிம்பலின் சலசலப்பு, அறையின் எதிரொலி, எல்லாம் அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஸ்னேர் அந்த ஓடும் தண்ணீரில் விழுந்த கல். அந்தத் துண்டை வெட்டி எடுத்தால் ஸ்னேர் மட்டும் வருவதில்லை, கூடவே அந்த ஒரு கணத்தின் அறையும் வருகிறது. முதல் பாரின் 5-வது கட்டத்து ஸ்னேரும் 13-வது கட்டத்து ஸ்னேரும் ஒன்று போலிருப்பதில்லை. ஒன்றில் குச்சி வேறு இடத்தில் பட்டிருக்கிறது, ஒன்றின் மேல் சிம்பல் கூடுதலாக விழுந்திருக்கிறது.

துண்டுகளை எப்படிக் கலைத்துப் போட்டாலும் பிரேக் உயிரோடு இருப்பதன் ரகசியம் இதுதான். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் முந்தின அடியின் வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரிசையை மாற்றினால் வால்கள் தவறான தலைகளோடு சேரும், காது உடனே "இங்கே ஏதோ நடந்தது" என்று நிமிரும். நடந்தது என்னவென்று அதற்குத் தெரியாது.

சரி, வேலைக்கு வருவோம். மென்பொருள்கள் துண்டு போட இரண்டு வசதி தரும். அடி எழும்பும் இடத்தில் வெட்டுவது ஒன்று. அளவு நாடா வைத்துச் சமமாக வெட்டுவது இன்னொன்று. ஏபிள்டனில் 'ஸ்லைஸ் டு நியூ மிடி ட்ராக்', எஃப்எல் ஸ்டுடியோவில் 'ஸ்லைசெக்ஸ்', இரண்டிலும் இந்த இரண்டு வழியும் உண்டு. பெரும்பாலான காணொளிகள் முதல் வழியைத்தான் சொல்லித்தருகின்றன. நான் இரண்டாவதைச் சொல்வேன். காரணம் இருக்கிறது.

கோல்மன் எந்திரம் இல்லை. சில அடி கட்டத்துக்கு ஒரு நூலிழை பின்னால் விழுகிறது, சில முன்னால். அடி எழும்பும் இடத்தில் வெட்டி, மிடியில் (எந்தத் துண்டு எப்போது ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பில்) கட்டத்தோடு ஒட்டவைத்தால் எல்லா அடியும் சிப்பாய் மாதிரி வரிசையில் நின்றுவிடும். அளவாக வெட்டினாலோ, பின்னால் விழுந்த அடி தன் துண்டுக்குள்ளேயே பின்னால் இருக்கும். துண்டை எங்கே தூக்கிப் போட்டாலும் அந்தத் தயக்கம் கூடவே போகும். வாசித்தவரின் கை என்று முதலில் சொன்னேனே, அது இருப்பது இந்த மில்லிவிநாடிகளில்தான்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. முன்னால் விழுந்த அடிகளின் மூக்கு முந்தின துண்டின் வாலில் போய் மாட்டிக்கொள்ளும். அந்த இரண்டு மூன்று வெட்டுகளை மட்டும் கையால் நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

பாருக்கு 8 துண்டு வீதம், மொத்தம் 32 துண்டு போடுங்கள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் 1 அல்லது 2 மில்லிவிநாடி மங்கல் கொடுத்தால் 'டிக்' என்ற வெட்டுச் சத்தம் வராது. அதற்கு மேல் மங்கல் வேண்டாம். வாலை நறுக்கிவிடுவீர்கள்.

படி 7: கலைத்துப் போடுவது

இப்போது முதல் பாரின் எட்டுத் துண்டும் இப்படி இருக்கும்: 1 கிக், 2 கிக், 3 பெரிய ஸ்னேர், 4 கோஸ்ட், 5 கோஸ்ட், 6 இரட்டைக் கிக், 7 பெரிய ஸ்னேர், 8 கோஸ்ட்.

முதலில் 1 2 3 4 5 6 7 8 என்று அப்படியே போட்டு, அசலைப் போலவே ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் வெட்டில் பிழை. ஓடினால் இதைப் போடுங்கள்:

1 2 3 1 2 3 7 8

மூன்று, மூன்று, இரண்டு. கூட்டினால் எட்டு. பார் எட்டில்தான் முடிகிறது, ஆனால் உள்ளே மூன்று மூன்றாகப் புரள்கிறது. கேட்பவரின் கால் ஒரு கணக்கில் தட்டும், தலை வேறு கணக்கில் ஆடும். ஜங்கிளின் பெரிய தந்திரங்களில் பாதி இந்தக் கணக்கின் பேரன் பேத்திகள்தான்.

இதை இரண்டு முறை, அப்புறம் அசல் பார் ஒரு முறை, அப்புறம் நான்காம் பார். நான்கு பார் ஆயிற்று. நான்காம் பாரைக் கடைசியில் வைப்பதை விடாதீர்கள், முதல் கட்டத்தின் அந்த வெற்றிடம் அங்கேதான் வேலை செய்யும்.

அடுத்து, சில்லறை வித்தைகள். 3-ம் துண்டின் முதல் பாதியை மட்டும் நான்கு முறை வரிசையாக அடித்தால் ஸ்னேர் உருட்டல் கிடைக்கும். 170 வேகத்தில் ஒவ்வோர் அடியும் 88 மில்லிவிநாடி. ஒவ்வோர் அடிக்கும் ஒரு அரைச்சுரம் ஏற்றினால் பந்து மேலே எகிறும், இறக்கினால் கிணற்றுக்குள் விழும். ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்பி அடுத்த ஸ்னேருக்கு முன்னால் வைத்தால் காற்று உறிஞ்சுகிற மாதிரி ஒரு இழுப்பு வரும். கிராஷ் துண்டைப் பதினாறு பாருக்கு ஒரு முறைக்கு மேல் தொடாதீர்கள், அது காரம்.

இவை எல்லாவற்றையும் முதல் நாளே ஒரே பாரில் கொட்டத் தோன்றும். எல்லோருக்கும் தோன்றும். அசல் வாசிப்பு இரண்டு பார் பழக்கிவிட்டுத்தான் மூன்றாவதில் ஏமாற்றியது. உங்கள் கலைப்பும் அப்படியே இருக்கட்டும். ஒரு பீட்டைக் கேட்பவர் நம்பிய பிறகுதான் அதை உடைப்பதில் அர்த்தம் இருக்கிறது. துண்டுகளை மணிக்கணக்கில் மாவு மாதிரி அரைக்கும் வகைகளும் உண்டு, பிரேக்கோர் என்பார்கள். சிலது எனக்குப் பிடிக்கும். ஆனால் அதைச் செய்கிறவர்களில் நன்றாகச் செய்கிறவர்களுக்கு நேரான பீட் முதலில் கைவந்திருக்கும்.

படி 8: அழுக்கு

வேகமாக்கியதில் கிக் மெலிந்துவிட்டது என்று சொன்னேன். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வெட்டிவிட்டு, அடியில் வேறொரு கனமான கிக்கை, அசல் கிக் விழும் இடங்களிலேயே வையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் விழுகின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். கொஞ்சம் விலகினால் கனம் கூடுவதற்குப் பதில் குறையும்.

கம்ப்ரெஷனை (பெரிய சத்தத்துக்கும் சின்ன சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பது) பொறுத்தவரை, அசல் டிரம்ஸை அப்படியே விட்டு, ஒரு நகலைக் கடுமையாக நசுக்கி அடியில் கலந்தால் கோஸ்ட் நோட்டுகள் மேலே எழும்பி வரும், பெரிய அடிகளின் முனையும் போகாது. நகலின் ஒலியைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றி, 'க' என்பது காதில் படும்போது நிறுத்துங்கள்.

பழைய சத்தம் வேண்டுமென்றால் பழைய கருவிகளின் வரம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1987-ல் வந்த ஈ-மியூ எஸ்பி-1200 வெறும் 12 பிட், விநாடிக்கு சுமார் 26,000 மாதிரி, மொத்த நினைவகம் 10 விநாடிதான். அதாவது அசலில் 13,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்தது எதுவும் அதில் பதிவாகாது. ஒலியின் தரத்தை வேண்டுமென்றே இறக்கும் பிட்கிரஷரில் 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ் வைத்துப் பாருங்கள். சிம்பலின் பளபளப்பு போய் ஒரு சொரசொரப்பு வரும். 8 பிட்டுக்கு இறக்கினால் அமிகா கணினியில் படுக்கையறையில் செய்த ட்ராக் மாதிரி இருக்கும். ஜங்கிளின் ஆரம்ப நாட்களில் நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள்.

படி 9: கீழே பேஸ்

டிரம்ஸ் 170-ல் ஓடும்போது பேஸ், அதாவது அடியில் ஒலிக்கும் தாழ்ந்த சுருதி, 85-ல் நடக்க வேண்டும். அதாவது டிரம்ஸின் பாதி வேகம். மேலே குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாட, கீழே தாத்தா நடக்கிற மாதிரி. வெறும் சைன் அலை போதும், 40-லிருந்து 60 ஹெர்ட்ஸுக்குள். இரண்டு பாருக்கு இரண்டு மூன்று சுரம், நீளமாக. ஜமைக்காவின் டப் இசையிலிருந்து வந்த பாடம் இது. லண்டனில் ஜங்கிளை வளர்த்தவர்களில் பலர் அந்த இசையை ஒலிக்கவிடும் சவுண்ட் சிஸ்டங்களுக்கு (பெரிய ஸ்பீக்கர் அடுக்குகள்) நடுவே வளர்ந்தவர்கள்.

இங்கே ஒரு சோதனை. பேஸை நிறுத்திவிட்டு டிரம்ஸை மட்டும் கேளுங்கள், பதற்றமாக இருக்கும். பேஸைத் திரும்பக் கொண்டுவாருங்கள். டிரம்ஸ் அதே வேகம்தான், ஆனால் பதற்றம் போய்ப் பறக்கிற மாதிரி ஆகிவிடும். ஆகவில்லை என்றால் பேஸில் சுரம் அதிகம். குறையுங்கள்.

படி 10: மறுநாள்

ஏற்றுமதி செய்துவிட்டுத் தூங்கப் போங்கள். இரவு ஒரு மணிக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். காலையில் ஃபோன் ஸ்பீக்கரில் ஒரு தடவை போடுங்கள். பேஸ் காணாமல் போகும், அதைப் பற்றிக் கவலையில்லை. கோஸ்ட் நோட் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். கேட்கவில்லை என்றால் எட்டாவது படிக்குப் போய் அந்த நகலை இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள்.

அப்புறம் அசல் பாட்டை முதலிலிருந்து மறுபடி போடுங்கள். 1 நிமிடம் 26-வது விநாடி வரும்போது உங்கள் விரல் உங்களை அறியாமல் மூன்றாம் பாரின் 15-வது கட்டத்துக்காகக் காத்திருக்கும். அடி விழும். நான்காம் பார் முடியும். குழுவினர் எதுவும் நடக்காத மாதிரி பாட்டுக்குத் திரும்பிப் போவார்கள்.